இரண்டு மை

மூன்று நிறத்தில் பறந்தான் அவன், அவன் தேசத்தில்.
எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில்
கோதண்டபாணியின் அச்சகத்தில்
மை இரண்டே டப்பா.
கறுப்பு. சிவப்பு.
நீலத்துக்குக் காசில்லை என்றார்.
வானம் வெள்ளையாகவே இருக்கட்டும்,
வண்ணாரப்பேட்டையில் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அப்படித்தான்
கடல் கடந்து வந்த ஒரு வல்லரசின் வீரன்
கறுப்பு சிவப்பில் தோளங்கி கட்டி
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பெட்டிக்கடையில்
கிளிப் மாட்டித் தொங்கினான்.
அவன் ஊரில் அவனுக்குச் சிலை இருக்குமாம்.
இங்கே மூன்று ரூபாய்.
வட்டச் செயலாளர் ஒருவர்
இருபது பிரதி வாங்கிப்போனார்,
"நம்ம பையன் மாதிரி இருக்கான்" என்று.
அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது.
தோளங்கியில் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை விடச் சொன்னார்
கோதண்டபாணி.
வெள்ளைக்கு மை வேண்டாம்.

நான் அங்கே எழுத்து எழுதுகிறவள்.
பேர் எப்சிபா. புத்தகத்தில் எங்கும் இருக்காது.
இங்கிலீஷை வெள்ளை அடித்து மூடி
பலூனுக்குள் தமிழை உட்காரவைக்க வேண்டும்.
ஒரு கட்டத்துக்கு நாற்பது பைசா.
அவர்கள் பேச்சு குட்டை.
நம் சொல்லோ கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல
விகுதி, வேற்றுமை, ஒரு 'உம்' என்று
குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரும்.
'சுதந்திரம்' என்று எழுதினால்
'ம்' கோட்டைத் தாண்டி
எதிரியின் மூக்கில் ஏறும்.
'விடுதலை' கச்சிதம்.
ஆறு வருஷம் விடுதலை விடுதலை என்று கத்தினான்
துப்பாக்கிகளுக்கு நடுவே.

தொண்ணூற்றொன்று. மே மாதம் கழிந்து ஒரு நாள்
கோதண்டபாணி கதவைச் சாத்திவிட்டு வந்து
அந்தச் சொல் வேண்டாம்மா என்றார்.
ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்
கத்துகிற மாதிரி இருக்குது.
அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களை எடுத்து
ஒவ்வொரு வாயாக வெள்ளை அடித்தேன்.
எழுத்தை நசுக்கி, ஒடுக்கி,
கடைசிப் புள்ளிக்கு இடமில்லாமல் விட்டுவிட்டு:
சுதந்திரம.
யாரும் கேட்கவில்லை.

எதிரிகளும் மாறினார்கள்.
முதலில் கம்பளித் தொப்பிக்காரர்கள், எப்போதும் பனியில் வருவார்கள்.
அதே வருஷம் டிசம்பரில்
அவர்கள் நாடே இல்லாமல் போனது.
வாங்கி வைத்த கதைகள் மூன்று மிச்சம்.
"பேரை மாத்து, தொப்பியை விட்டுடு."
பிறகு பாலைவனத்துக்காரர்கள், தாடியோடு.
கடைசியாக, எந்த நாடு என்றே சொல்லாத ஒரு நாடு.
கறுத்த ஆட்கள். கட்டம் போட்ட லுங்கி.
மெஷின் ஓட்டும் சவுரி தாளை வெளிச்சத்தில் பிடித்து
"எங்க சித்தப்பா மாதிரி இல்ல?" என்றான்.
சிரித்தோம்.
அவன் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கதையில்தான், பதினெட்டாம் பக்கம்.
ஒரு கரை. கட்டுமரம். தூரத்தில் கிரேன்கள்.
அச்சக மொட்டை மாடியில் ஏறினால் தெரியும் துறைமுகம்தான்,
சத்தியம் செய்வேன்;
வரைந்தவன் இங்கே வந்தே இருக்கமாட்டான்.
வானத்திலிருந்து குதிக்கிறான் நம் ஆள், உலகத்தைக் காக்க.
ஜனம் ஓடுகிறது.
இருபத்தியோரு பேர், எண்ணினேன்.
ஒருத்தருக்கும் பலூன் இல்லை.
வாய் மட்டும் திறந்திருக்கிறது.
ஒருத்தி ஓடவில்லை. இடுப்பில் கூடை.
அவன் பூட்ஸ் பதிந்த இடத்தையே பார்க்கிறாள்.

சன்னப் பேனா எடுத்தேன்.
அவள் தலைக்கு மேல், கிரேன் கம்பிக்குக் கீழே
அரிசியளவு பலூன் ஒன்று வரைந்து
எழுதினேன்:
யோவ், வலை மேல நிக்காத.

அச்சாகிப் போனது, இரண்டாயிரம் பிரதி.
அந்த ஒரு கட்டத்துக்கு
நான் கூலி கேட்கவில்லை.